வேண்டாம் என்று சொல்ல ஒருவன்

அன்புள்ள தணிகை,

இந்தக் கடிதத்தை வாயால்தான் எழுதுகிறேன். பேசினால் எழுத்தாக விழும்படி என் போனில் ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாயே, அதை வைத்துத்தான். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் பாதி சரியாக விழுகிறது. மீதியை வலது கை ஆள்காட்டி விரலால் அழித்துத் திருத்துகிறேன். திருத்தணி என்று சொன்னால் ‘திருத்த நீ’ என்று எழுதுகிறது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் இதே போன் ஒழுங்காகத்தானே எழுதியது என்று யோசித்துப் பார்த்தேன். போன் மாறவில்லை, என் நாக்குதான் மாறிவிட்டது என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுபோனது. உன் அம்மா வெளியே போகிற நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி வருகிறேன். இன்று கிருத்திகை. மலைக்குப் போயிருக்கிறாள், கூட்டத்தில் நின்று தரிசனம் முடித்து இறங்க மதியம் தாண்டிவிடும். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும். நான் போனபிறகு இதை நீ யாருக்குக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. இந்த நோய் வந்த வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைத்தான் நான் பேசப்போகிறேன்.

ஆடிக் கிருத்திகை கழிந்ததும் நீ ஜெர்மனிக்குக் கிளம்ப வேண்டும். ‘நான் இருந்துடட்டுமா நைனா?’ என்று போனில் கேட்டாய். ‘போடா, போயி வேலயப் பாரு’ என்றேன். மறுவாரமும் கேட்டாய், அதையே சொன்னேன். பக்கத்தில் உன் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கும் நீ போகவேண்டும் என்றுதான் ஆசை. அங்கே போனால் நீ எனக்கு மருந்து கண்டுபிடித்துவிடுவாய் என்று அவள் நம்புகிறாள். நான் அப்படி நம்பவில்லை. ஆனாலும் எல்லா அப்பனும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். இப்போது வேறொன்று சொல்லவேண்டியிருக்கிறது. நேராக அதைச் சொன்னால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ நினைப்பாய். பஸ் ஓட்டினவன் நான், ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காகத்தான் எனக்குப் போகத் தெரியும். பொறுமையாகப் படி.

நீ ஆராய்ச்சியில் சேர்ந்த மறுவருடம் ஒரு வேலையாகச் சென்னைக்கு வந்தவன் உன்னைப் பார்க்க உன் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். அதுவரை ஊரில் யார் கேட்டாலும் ‘நரம்பு ஆராய்ச்சி’ என்று மட்டும் சொல்லிவந்தேன். கரப்பான் பூச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. டிப்போவில் தெரிந்திருந்தால் ரிட்டையர் ஆகும்வரை என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். நீ என்னை ஓர் அறைக்குள் அழைத்துப் போனாய். மூலையில் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள், உள்ளே முட்டை அட்டைகளுக்கு நடுவே விரல் நீளத்துக்குப் பூச்சிகள், அவற்றுக்குத் தீனி நாய் பிஸ்கட். நடுவில் கொசுவலை போட்டதுபோல் கம்பி வலைக் கூண்டு, அதற்குள் ஒரு மேசை. ‘தெருவுல லாரி போனாகூட ஊசி நகர்ந்துடும் நைனா, அதான் மேசயக் காத்து மேல நிறுத்தியிருக்கோம்’ என்றாய். பூச்சியின் வயிற்றிலிருந்து நரம்பு முடிச்சை எடுத்து, அதைக் கரைத்து, தனித்தனிச் செல்லாகப் பிரித்து ஒரு கண்ணாடி வட்டிலில் போட்டு வைத்திருந்தாய். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தன. முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை அதில் ஒன்றின் மேல் கொண்டுபோய்த் தொடவைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து இளநீர் உறிஞ்சுவதுபோல் மெல்ல உறிஞ்சினாய். ‘ஒட்டிக்கிச்சு’ என்றாய். டிவி மாதிரி இருந்த பெட்டியில் ஒரு கோடு சரேலென்று பள்ளத்தில் விழுந்து மேலே ஏறியது.

“இன்னாடா அது, பள்ளத்துல வுழுந்து எழுந்து வருது?” என்று கேட்டேன்.

“சோடியம் அயனி செல்லுக்குள்ள போவுது நைனா, அந்தப் பள்ளம் அதான். அப்பறம் பொட்டாசியம் வெளிய வருது, கோடு ஏறுது. ரெண்டும் மின்சாரம்தான். அந்த மின்சாரத்ததான் நான் அளந்துகினு இருக்கேன்.”

“அளந்து இன்னா பண்ணுவ?”

“எத்தினி மருந்து அடிச்சாலும் சில பூச்சி சாவறதில்ல இல்ல? அதுங்க நரம்புல இந்த சோடியம் போற கதவு மாறிப்பூடும். எப்டி மாறுதுனு பாக்கறேன்.”

பள்ளிப்பட்டில் உன் பெரியப்பா கத்தரிக்காய்க்கு மருந்து அடித்து அடித்து அலுத்துப்போனது ஞாபகம் வந்தது. உருப்படியான வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அந்தச் செல் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்று கேட்டேன். நல்ல செல்லாக இருந்தால் சாயங்காலம் வரைக்கும் என்றாய். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரயிலில் திரும்பும்போது அரக்கோணம் வரைக்கும் அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கரப்பான் பூச்சிக்குள்ளும் இவ்வளவு நடக்கிறதா என்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம், ‘என் பையன் கரப்பான் பூச்சி நரம்புல மின்சாரம் அளக்கறான்’ என்று முதல் முறையாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பிறகு என் கை. திருப்பதி வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது புத்தூர் தாண்டி ஒரு வளைவில் கியர் மாற்ற இடது கையை வைத்தேன். கை இருந்தது, பிடி இல்லை. மறுபடி அழுத்திப் போட்டேன், விழுந்தது. பனி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்ற ஆரம்பித்தது. மேல்கையில் தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி ஓயாமல் துடித்தது. உன் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இன்னாங்க இது, குழந்த உதைக்கற மாதிரி கீது’ என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றி அவள் சிரித்துப் பேசியதில்லை. வண்டியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரின் உயிரும் அந்தக் கையில் இருக்கிறதே என்று பயந்து நானே டிப்போவில் சொல்லி ஸ்டியரிங்கை விட்டேன். நீ சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி என்னை அழைத்துப்போனாய்.

அங்கே அந்த அறையை நீ மறந்திருக்க மாட்டாய். படுக்க வைத்துக் கையில் ஊசியைக் குத்தினார்கள். ஊசியிலிருந்து ஒயர் ஒரு பெட்டிக்குப் போனது, பெட்டியில் கோடு. உன் அறையில் பார்த்த அதே மாதிரிக் கோடு. ‘கையை லூசாக விடுங்கள்’ என்றார் டாக்டர். விட்டேன். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் பெட்டி படபடவென்று சத்தம் போட்டது. காலில் குத்தினார்கள், அங்கேயும் சத்தம். நாக்கில் குத்தினார்கள். டாக்டரின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, அவருக்குப் பழக்கம். நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் முகத்தை. நீ பெட்டியைப் பார்த்தாய், பிறகு சுவரைப் பார்த்தாய். அதற்கப்புறம் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. தினமும் அந்த மாதிரிக் கோட்டைப் பார்த்துப் பிழைக்கிறவன் திரும்பிக்கொண்டால் அப்பனுக்குத் தெரியாதா?

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தாய். டம்ளரை வலது கையில்தான் பிடித்தேன்.

“நீ இன்னா பாத்த?” என்றேன்.

“நாளைக்கு டாக்டர் சொல்லுவாரு நைனா.”

“டாக்டர் சொல்றத நாளைக்குக் கேட்டுக்கறேன். நீ பாத்தது இன்னானு கேக்கறேன்.”

“நான் பூச்சியப் படிச்சவன், மனுசன இல்ல.”

“தெரியும், சொல்லு.”

“கை சும்மா இருக்கும்போது கோடும் சும்மா இருக்கணும் நைனா. இருக்கல. கையில மட்டும் இல்ல, கால்ல, நாக்குல, எல்லா எடத்துலயும். சதைக்குப் போற நரம்பு செத்துகினு வருது.”

“மருந்து?”

நீ என்னைப் பார்த்து, “இல்ல நைனா” என்றாய்.

தணிகை, அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் பேசினார்கள். முருகன் கைவிட மாட்டான் என்றார்கள். ஆந்திராவில் யாரோ மூலிகை கொடுக்கிறார் என்றார்கள். அமெரிக்காவில் எதுவோ வந்துவிட்டது என்றார்கள். அந்த டீக்கடையில் நீ சொன்ன ஒரு வார்த்தையில்தான் நான் சாய்ந்து உட்கார முடிந்தது. தெம்பு தருகிற வார்த்தை இல்லை அது. ஆனால் அதை நம்பி உட்காரலாம், அது நகராது.

மறுநாள் டாக்டரும் அதையேதான் சுற்றி வளைத்துச் சொன்னார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்று அவரே சொன்னார். அந்த மாத்திரை நரம்பில் போகிற சோடியம் மின்சாரத்தைக் குறைக்கிறது என்று நீ படித்துத் தெரிந்துகொண்டாய். நீ தினமும் அளக்கிற அதே மின்சாரம். அது உன்னை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. உன் சொந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த மருந்தை வாங்கி, கரைத்து, கரப்பான் பூச்சி செல்லின் மேல் விட்டு அளக்க ஆரம்பித்தாய். ஒரு நாள் போனில் ஒரு படம் அனுப்பினாய். ஒரே கட்டத்தில் இரண்டு கோடுகள், ஒன்று ஆழமான பள்ளம், இன்னொன்று பாதிதான். கீழே ‘மாத்திரை வேலை செய்கிறது நைனா, கரண்ட் குறைகிறது’ என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது எங்களுக்கு. உன் அம்மா அந்தப் படத்தைச் சாமி மாடத்தில் போனோடு வைத்துக் கற்பூரம் காட்டினாள். உன் மாமன் முனிரத்தினம் ஆட்டோவில் மலைக்கு ஏற்றிப்போன ஒவ்வொருவரிடமும் தன் அக்கா பிள்ளை மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று சொன்னான். நானும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை.

அப்படித்தான் கஸ்தூரி வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். வாசலில் ஒரு பெண், கையில் துணிப்பை, பையில் ஸ்கேன் உறைகள். ‘கரப்பான் பூச்சி மருந்து கண்டுபுடிச்ச தம்பி வூடு இதானா?’ என்று கேட்டாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவள் புருஷன் பவர்லூம் ஓட்டினவர், இதே நோய், எனக்கு முன்னால் ஆரம்பித்தது. நீ அவளை உட்காரவைத்து அத்தனை காகிதத்தையும் படித்தாய். முனிரத்தினம் வாசற்படியில் நின்றுகொண்டு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, மருந்து எதுவும் நான் கண்டுபுடிக்கல. உங்க வீட்டுக்காரர் சாப்டற அதே மாத்திரதான் அது” என்றாய்.

“பூச்சிக்கு நல்லாச்சினு சொன்னாங்களே தம்பி. மனுசனுக்கு ஆவாதா?”

“பூச்சிக்கு நோவே இல்லக்கா. நல்லா இருந்த செல்லு அது. அதுல கரண்ட் கொறஞ்சிது, அவ்ளோதான். சாவற நரம்ப அது நிறுத்தாது.”

“அப்பறம் எதுக்குத் தம்பி செஞ்ச?”

உள்ளே உன் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

“எங்க நைனாவுக்கு இன்னா செய்யறதுனு தெரியல. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான். அதான் செஞ்சேன்.”

அவள் அழவில்லை. உறைகளை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ‘நீயாவது இல்லனு சொன்னியே’ என்று எழுந்தாள். உன் அம்மா அவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். அவள் போனதும் நீ உன் மாமனைத் திட்டவில்லை, பின்பக்கம் போய் நின்றுகொண்டாய். நான் நடந்து உன்னிடம் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவிட்டாய். அதற்குப் பிறகு அந்த மருந்தை நீ தொடவில்லை, பழைய வேலைக்குத் திரும்பினாய் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விட்டதை எடுத்துப் பிடித்து, ஆராய்ச்சியை முடித்து, ஜெர்மனியில் இடமும் வாங்கினாய். அந்த நாட்களில் உனக்கு யார் சோறு போட்டார்கள், யாரோடு பேசினாய், எனக்குத் தெரியாது. நான் என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி உனக்குத் தெரியாத ஸ்டாப்பிங். உன் அம்மாவும் கஸ்தூரியும் போனில் பேசிக்கொள்வார்கள், எந்தக் கஞ்சி இறங்குகிறது, எப்படிப் படுக்கவைத்தால் புரையேறாது என்று. போன மாதம் கஸ்தூரி புருஷனுக்குத் திடீரென்று மூச்சு நின்றுபோய், ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. பார்த்துவிட்டு வருவோம் என்று உன் அம்மா சொன்னாள். முனிரத்தினம் ஆட்டோவில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனான். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

தறி போட்டிருந்த கூடத்தில் தறியை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். யாரோ தர்மத்துக்குக் கொடுத்த மூச்சு மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதரிடம் கண் மட்டும்தான் மிச்சம். அது என்னைவிடத் தெளிவாக இருந்தது. நான் யார் என்று கஸ்தூரி சொன்னதும் என் வற்றிப்போன இடது கையைப் பார்த்தார். பிறகு தன் தொண்டைக் குழாயைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. திரும்பத் திரும்ப இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘இன்னா கேக்கறார்மா?’ என்றேன். ‘எனக்குத் தெரியும்ணா. இத்த எடுத்துடச் சொல்றாரு. தெரியாத மாதிரி இருக்கறேன்’ என்றாள் கஸ்தூரி, அவர் காதுபடவே. ‘மூச்சு வுடல, கொழா போடட்டுமானு டாக்டர் கேட்டப்ப போடுங்கனு சொன்னேன். வேற இன்னாணா சொல்லுவாங்க ஒரு பொம்பள? இப்ப எடுக்கச் சொல்ல எங்க வூட்ல யாருக்கும் வாய் வரல.’

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷினின் பேட்டரி எப்போதோ கெட்டுவிட்டதாம். கஸ்தூரி ஒரே தாவாகத் தாவிக் குழாயில் ரப்பர் பை ஒன்றை மாட்டி அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கினால் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. வெகுநேரம் ஆகியும் கரண்ட் வரவில்லை. அவள் கை மாற்றி மாற்றி அமுக்குவதைப் பார்த்து உன் அம்மா எழுந்துபோய், ‘குடும்மா, நான் பாத்துக்கறேன்’ என்று பையை வாங்கிக்கொண்டாள். வியர்வை வழிய, கஸ்தூரி சொல்லிக்கொடுத்த தாளத்தில், கண்ணை அவர் நெஞ்சிலிருந்து எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவி இன்னொருவருக்கு மூச்சு விடுவதைப் பார்த்தேன். என்னால் எழுந்துபோய் உதவவும் முடியாது. அந்த மனிதர் அப்போதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், இவளும் பார்த்தாள் அல்லவா, இவளுக்கே புரிந்திருக்கும், நான் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஊர் நெருங்கும்போது என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பயந்துட்டீங்களா? பயப்படாதீங்க” என்றாள். “நானும் அமுக்குவேன். எத்தினி வருசமானாலும் அமுக்குவேன். உங்கள வுட்ற மாட்டேன்.”

முன்னால் முனிரத்தினம் கண்ணாடியில் பார்த்து, “ஆங் பாவா, நாங்க எல்லாரும் கீறோம். மொற வெச்சி அமுக்குவோம்” என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அவர்கள் அன்பை நினைத்து வந்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதுவும்தான். ஆனால் இந்த அன்பிடமிருந்து யாராலும் என்னைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்து வந்த அழுகை அது. இரண்டு பேரும் ஒரே கூடத்தில் ஒரே கட்டிலைப் பார்த்தோம் தணிகை. அவள் வேறொன்றைப் பார்த்திருக்கிறாள், நான் வேறொன்றைப் பார்த்திருக்கிறேன். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அமுக்கியிருப்பேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன் அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில் டாக்டரிடம் கேட்டேன். குழாய் வேண்டாம் என்று இப்போதே எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஆனால் மூச்சுத் திணறும்போது கூட இருப்பவர்கள் அழுது காலில் விழுந்தால் எழுதிய காகிதம் நிற்பது கஷ்டம், வீட்டில் ஒருவராவது உறுதியாக இருக்கவேண்டும் என்றார். குழாய் இல்லாமலே மூச்சு அடங்கும்போது தவிப்புத் தெரியாமல் இருக்க மருந்து உண்டாம், அதையும் யாராவது கேட்டு வாங்கவேண்டுமாம். அதற்குள் என் பேச்சு போயிருக்கும். விரலும் போயிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் உன் அம்மா நிற்பாள், முனிரத்தினம் நிற்பான். இரண்டு பேரும் ‘போடுங்க டாக்டர்’ என்பார்கள். எதிரே நின்று ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் எனக்கு இருக்கிறான்.

ஆகவே, போகாதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கூப்பிட்டதும் வந்துவிடலாம் என்று நினைக்காதே. கஸ்தூரி புருஷனுக்குக் காலையில் கஞ்சி இறங்கியது, சாயங்காலம் குழாய். அங்கிருந்து நீ விமானம் பிடித்து வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்து நான் மெஷினில் இருப்பேன். அப்புறம் எடுக்கச் சொல்ல உனக்கும் வாய் வராது. போடாதே என்று சொல்வது வேறு, போட்டதை எடு என்று சொல்வது வேறு. இரண்டாவதை உன் தலையில் வைக்க நான் விரும்பவில்லை.

இதற்கு நீ கொடுக்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த இடம் உனக்காகக் காத்திருக்காது. நான் எத்தனை நாள் இழுப்பேன் என்று யாருக்கும் தெரியாது. நீ அளந்துகொண்டிருந்ததை வேறு யாரோ அளந்து முடித்துவிடுவார்கள். இதெல்லாம் நடந்தபிறகு உன் அம்மா உன்னோடு பேசுவாளா என்று என்னால் சொல்லமுடியாது. பிள்ளையே அப்பனை விட்டுவிட்டான் என்று உன் மாமன் காரியத்துக்கு வந்தவர்களிடம் சொல்வான், ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமும் சொல்வான். நீ இந்தக் கடிதத்தைக் காட்டலாம். காட்டினாலும் அவர்கள் மனம் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உனக்கு நான் அப்படி எழுதக்கூடாது. நீ எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

அப்பன் என்று ஒருவன் கடிதம் எழுதினால் நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். என்னிடம் அதிகமில்லை. இந்த நோய் எனக்கு வந்ததுபோல் வருவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை என்று நீயே சொன்னாய், அதனால் கல்யாணம் செய்துகொள்ளப் பயப்படாதே. வருகிற பெண்ணிடம் கரப்பான் பூச்சியைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடு. நான்தான் வீணாக வெட்கப்பட்டேன். உன் அம்மா உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்னாலும் நீ போய் அவள் எதிரே உட்கார். கதவைச் சாத்தினால் வெளியே உட்கார். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போட மறந்துவிடுவாள். கஸ்தூரிக்கு முடிந்தபோது போன் செய், அவளுக்குப் பேச ஆள் கிடையாது.

முடியாது என்றாலும் சொல்லிவிடு. போகிறேன் நைனா, இது என்னால் ஆகாது என்று நீ சொன்னால் எனக்குக் கோபம் வராது. உன் வயதில் என்னிடம் என் அப்பா இதைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பல நாள் யோசித்தேன். தெரியவில்லை. ஓடியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பதில் எதுவானாலும் சீக்கிரம் சொல். நான் திருப்பிப் பேசக்கூடிய நாளிலேயே சொல்.

மீதியைப் பேசுவதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள். படி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்க, நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே வந்து என் நெற்றியிலும் பூசினாள். போன் என் மடியில் வெளிச்சமாக இருந்ததைப் பார்த்துவிட்டாள். இதை அவள் சமையலறைக்குப் போனபிறகு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

“யாராண்ட பேசிகினு இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“தணிகையாண்ட.”

“இன்னா சொன்னான்?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றேன்.

உன்
நைனா